ப்ளஸ் ஒன் எங்கே போச்சு?

காலை ஏழு மணிக்கு ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வரிசையாக காலேஜ் பஸ்கள். அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், பட்டாபிராம் என்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஜன்னல் ஓரம் தூங்கி வழிகிற அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு எம்-ஒன் அரியர் இருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ‘எம்-ஒன்’ தெரியாதவர்கள் பாக்கியவான்கள். இன்ஜினீயரிங் முதல் செமஸ்டர் கணக்குப் பாடம்தான் அது.

எங்கள் தெருவில் ஒரு பையன். ப்ளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு 91. தெருவே ஸ்வீட் சாப்பிட்டது. ஆறு மாதம் கழித்து எம்-ஒன்னில் அவுட். “படிக்கிறதில்ல சார், சதா செல்போன்தான்” என்று அவன் அப்பா புலம்பினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் கேள்வித்தாளோடு என் வீட்டுக்கு வந்தான். இரட்டைத் தொகையீடு. தொகையிடும் வரிசையை மாற்றிப் போடச் சொல்கிற கணக்கு. ஒரு பக்கம் y = x² என்ற வளைவு, இன்னொரு பக்கம் y = 2 - x என்ற கோடு. தொகையீடு என்னவோ குழந்தை விளையாட்டுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த வளைவையும் கோட்டையும் வரைய வேண்டும். இரண்டும் (1,1)-ல் சந்திக்கின்றன, அங்கே பகுதியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் கணக்கு முடிந்தது. விடை 3/8.

பையனுக்கு வரையத் தெரியவில்லை. “படம் வேணாம் அங்கிள், ஸ்டெப்பு மட்டும் சொல்லுங்க” என்றான்.

காபி குடிக்க வந்த அப்பா எட்டிப் பார்த்தார். நான் வரைந்த கோட்டைக் காட்டி, “இது நாப்பத்தஞ்சு டிகிரி சாய்வுதானே சார்? டேப்பர் புடிக்கிறப்போ டேன் டேபிள் பார்ப்போமே, அதானே?” என்றார். அதேதான். கோட்டின் சாய்வு என்பது கோணத்தின் டேன்ஜென்ட். லேத் ஓட்டுகிறவருக்குக் கைவந்த விஷயம், 91 மார்க் வாங்கியவனுக்கு வரவில்லை. ஏன்?

அவனைக் கேட்டேன். “அதெல்லாம் ப்ளஸ் ஒன் பாடம் அங்கிள். எங்க ஸ்கூல்ல ப்ளஸ் ஒன்னை வேகமா ஓட்டிட்டு, ஆகஸ்ட்லயே ப்ளஸ் டூ ஆரம்பிச்சுட்டாங்க.”

நம்ம ஊர் ரகசியம் இது. ரகசியம் என்றால் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சார்பு, வரைபடம், முக்கோணவியல், மடக்கை, எல்லை, நேர்கோடு எல்லாம் பெரும்பாலும் ப்ளஸ் ஒன்னில் இருக்கிறது. கட்-ஆஃப் போடுவதோ ப்ளஸ் டூ மார்க்கை வைத்து: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கு தெரிந்த பள்ளிக்கூட முதலாளி என்ன செய்வார்? இரண்டு வருடமும் ப்ளஸ் டூவையே ஓட்டுவார். ரிசல்ட் வரும், ஃப்ளெக்ஸ் போர்டு வரும், அடுத்த வருடம் ஃபீஸ் ஏறும்.

இதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டைக் கழற்றினால் பதிலுக்கு ஒரு தாழ்ப்பாளாவது போட வேண்டாமா?

சரி, பள்ளிக்கூடத்தை விடுங்கள். காலேஜ் என்ன செய்கிறது? பி.இ. சேர மூன்று பாடத்திலும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 போதும். நல்லது. கதவு அகலமாகத் திறந்திருக்கட்டும். உள்ளே வந்தவனை முதல் வாரமே அணிகளின் ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் தேற்றம் என்று தூக்கிப் போட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் கணக்குத் தாளே அணிகளும் நுண்கணிதமுமாகத்தான் இருந்தது. ‘இது புரிய இன்னின்னது தெரிந்திருக்க வேண்டும்’ என்று அட்மிஷன் நாளில் யாராவது ஒரு தாள் கொடுத்தார்களா? ஹாஸ்டலுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று மட்டும் லிஸ்ட் கொடுக்கிறார்கள். பக்கெட், மக், பூட்டு.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேருகிறவர்கள் கதை இன்னும் மோசம். மெக்கானிக்கல்காரன் வந்து உட்கார்ந்ததும் ஃபூரியர் தொடர்.

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் சேர்ந்ததும் ஒரு சோதனை வைக்கிறார்கள். தேறாவிட்டால் வெளியே அனுப்புவதில்லை. ‘ப்ரீகால்குலஸ்’ என்று ஒரு பாடம். சார்பு, வரைபடம், முக்கோணவியல் எல்லாம் பொறுமையாக நடத்திவிட்டுத்தான் நுண்கணிதம். அதைப் படிப்பவனை அங்கே யாரும் மக்கு என்பதில்லை. நம் ஊரில் 2021-ல் ஏ.ஐ.சி.டி.இ., ப்ளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படிக்காதவர்களும் இன்ஜினீயரிங் சேரலாம் என்று கையேட்டில் எழுதிவிட்டு, பிரிட்ஜ் கோர்ஸ் வைத்துச் சமாளிக்கலாம் என்றது. பெரிய கூச்சல். கூச்சல் போட்ட ஒருவராவது, ஏற்கெனவே கணக்கு ‘படித்து’ வந்தவர்களுக்கு அந்த பிரிட்ஜ் எங்கே என்று கேட்டிருக்கலாம். மூன்று வார அறிமுக வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். எங்கள் தெருப் பையனுக்கு அதில் கிடைத்தது யோகா, ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர், ஒரு க்ரூப் போட்டோ.

உடனே சிலர் நுழைவுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவா என்று கிளம்புவார்கள். வேண்டாம். 2007-ல் அதை ஒழித்தது சரிதான். பணம் உள்ளவனுக்கு கோச்சிங், இல்லாதவனுக்குப் பட்டை நாமம் என்றிருந்தது. நான் கேட்பது வடிகட்டி இல்லை, ஏணி. 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, ஃபீஸையும் அரசே கட்டுகிறது. அருமையான காரியம். அப்படி வருகிற பெண் முதல் செமஸ்டரில் நாலு அரியரோடு உட்கார்ந்தால், அரசு கட்டிய பணம் காலேஜ் கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்தப் பெண்?

முதல் செமஸ்டரில் நுண்கணிதம் வேண்டாம். வந்த அன்று ஒரு சோதனை வையுங்கள், மார்க்கை யாருக்கும் காட்டாதீர்கள். தேவைப்படுகிறவர்களுக்கு அந்த ஆறு மாதம் வரைபடமும் முக்கோணவியலும் சொல்லிக்கொடுங்கள், அதற்கும் கிரெடிட் கொடுங்கள். கூடுதல் ஃபீஸ் வாங்காதீர்கள். (இதை எழுதாவிட்டால் வாங்கிவிடுவார்கள்.)

எங்கள் தெருப் பையன் இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிறான். ப்ளஸ் ஒன் புத்தகம், கிராஃப் நோட்டு. போன வாரம் சைன் வளைவு வரைந்தோம். அப்பாவும் கூட உட்கார்ந்திருந்தார். “டேய், இந்த டேபிளை நான் முப்பது வருஷமா பார்க்கிறேன். இப்படி அலை மாதிரி போகும்னு தெரியாதேடா” என்றார்.