ரம்பத்தின் மூடியும் தச்சனின் விரலும்

நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கும் மேலாகச் சுழலும் மேஜை ரம்பத்தின் மூடியை, வேலைக்கு இடைஞ்சலென்று கழற்றி மூலையில் போட்டுவிடும் வழக்கம் நமது தச்சுப் பட்டறைகளில் சர்வசாதாரணமாகிவிட்டது வருந்தத்தக்கது. அறுபட்ட மரம் இறுகி ரம்பத்தின் பின்பற்களைக் கவ்வும் க்ஷணத்திலேயே பலகை அறுப்பவனை நோக்கி அம்பாய்ப் பாய்கிறது. அவன் கையோ பற்களின் பக்கம் இழுபடக்கூடும். ரம்பத்தின் பின்னே நிற்கும் பிளவுத்தகடு அந்த அபாயத்தைத் தடுக்கும். கடைசிச் சாண் பலகையைத் தள்ளுகோலால் நகர்த்தினால் விரல் பிழைக்கும். பிசினேறி மழுங்கிய பற்களைத் துடைத்துச் சாணை பிடித்துவிட்டால், மரத்தை அழுத்தித் தள்ளும் அவசியமே நேராது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேண்டுமென விதித்தும், 10 பேருக்குக் குறைவானோர் உழைக்கும் சிறு பட்டறைகள் பொதுவாக அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றன. ஆகவே, சட்டம் எட்டாத இடத்தில் முதலாளியின் மனச்சாட்சியே சட்டமாகட்டும். மூடி பொருத்தாத ரம்பத்தின் விசையை எவரும் போடலாகாது.