ஏழையின் நோய்க்கு எது மருந்து?

குடிசைவாழ் ஏழை நோயில் விழுந்தால், "தலையெழுத்து" என்பார் ஒருவர். "கண்டதைத் தின்றான், கண்டபடி புகைத்தான், அனுபவிக்கிறான்" என்பார் மற்றொருவர். முன்னவர் பழியை விதியின்மேல் போடுகிறார். பின்னவர் ஏழையின் தலையிலேயே போடுகிறார். சமுதாயத்தின்மீது மட்டும் தூசும் விழக்கூடாதாம்! உண்மை அதுதானா என்று நாம் கேட்கிறோம்.

ஆண்டு 1848. பிரஷ்ய ஆட்சியிலிருந்த மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் கொள்ளைநோயாய்ப் பரவிற்று. காரணம் கண்டுவர அரசு அனுப்பியவர்களில் ஒருவர் ருடால்ஃப் விர்ச்சோ எனும் மருத்துவர்; வயது 26. சென்றார், கண்டார். உருளைக்கிழங்கை நம்பிய வயிறு, ஈரம் கசியும் குடிசை, எழுத்தறியா மக்கள். அம்மக்கள் பேசியதோ போலிஷ். ஆளவந்தோர் மொழியோ ஜெர்மன்!

கஷாயமும் மாத்திரையுமா எழுதித் தந்தார்? இல்லை! மக்களாட்சி வேண்டும், கல்வி வேண்டும், தாய்மொழிக்கு உரிமை வேண்டும், சாலை வேண்டும், ஏழையின் வரிச்சுமை செல்வர் தோளுக்கு மாறவேண்டும் என்று எழுதினார். மருந்துச் சீட்டா அது? மன்னராட்சியின்மீது தொடுத்த குற்றப்பத்திரிகை!

"அது பஞ்சகாலக் கதை" என்பீர்களா? லண்டனுக்கு வாருங்கள். 1967-இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களை ஆராய்ந்தனர். எல்லோருக்கும் நிலையான அரசு வேலை. ஆயினும் 10 ஆண்டுகளில், உச்சியிலிருந்த அதிகாரிகளைவிட அடிமட்டச் சிப்பந்திகளிடையே சாவு விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு! பதவிப்படி இறங்க இறங்கச் சாவு ஏறிற்று. புகைதான் காரணமா? கீழ்ப்படியில் புகைத்தவர் அதிகம்தான். அந்தக் கணக்கைக் கழித்த பிறகும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

புகையை விடச் சொல்வதை நாம் குறைகூறவில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால், பகலெல்லாம் உழைத்து, வாடகைக்கும் கடனுக்கும் போக மிஞ்சிய காசில் அரிசி வாங்கும் தாயிடம், "பழம் வாங்கித் தரக்கூடாதா பிள்ளைக்கு?" என்பது அறிவுரையா, ஏளனமா? கடையில் பழம் இருந்தால் போதுமா? கையில் காசு வேண்டாமா? சமைக்க நேரம் வேண்டாமா? குழாயில் நல்ல தண்ணீர் வேண்டாமா?

மருத்துவமனை கட்டுவோம், மறுக்கவில்லை. கூடவே நியாயமான கூலி, ஒழுகாத கூரை, பிள்ளைக்குப் பள்ளி, அந்தப் பள்ளியில் உணவு ஆகியவற்றையும் மருந்துப் பட்டியலில் எழுதுவோம். மேல்படியில் நீண்ட ஆயுள், கீழ்ப்படியில் இளஞ்சாவு என்று பங்கிடும் படிக்கட்டை ஆண்டவன் கட்டவில்லை, ஆள்கள் கட்டினார்கள். கட்டிய கைகளால் இடிக்கவும் முடியும்!