ஏரிப் பாசியும் வயல் உரமும்

கோடை நாட்களில் ஏரி ஜலம் பச்சைநிறமாகத் தடித்து, காற்று ஒதுக்கும் கரையோரத்தில் சாயம் கரைத்தாற்போல் ஏடு படிந்து நிற்பதைப் பல கிராமங்களில் காணலாம். இது பருவத்தின் குற்றமென்றும், ஒரு மழை பெய்தால் தீர்ந்துவிடுமென்றும் குடியானவர்களிற் பலர் கருதுகின்றனர். பச்சை ஜலம் பயிருக்கு எருவாகுமென்று மகிழ்வோரும் உண்டு. இவ்விரு அபிப்பிராயங்களிலும் சிறிது உண்மை இருப்பினும், இவற்றை நம்பிச் சும்மா இருப்பது கைப்பொருளை இழப்பதாகும். ஏரியிற் காணும் பச்சை, பெரும்பாலும் வயலிலிருந்தும் எருக்குழியிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் தப்பிப்போன சத்தே.

இப்பச்சை, தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளின் கூட்டமாகும். பயிரைப் போலவே இவற்றுக்கும் வெயிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். நன்னீரில் பெரும்பாலும் குறைந்து நிற்பது மணிச்சத்தே. ஆதலின் அது சிறிது சேர்ந்தாலும் பாசி பெருகிவிடும். மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் 1 கிலோ, 500 கிலோ வரை ஈரப் பாசியை வளர்க்க வல்லது. 1973-ஆம் ஆண்டில் கானடா தேசத்து ஆராய்ச்சியாளர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரு கூறாக்கி, இரண்டிலும் கரிச்சத்தையும் தழைச்சத்தையும் இட்டு, ஒன்றில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தனர். அவ்வொரு கூறே பச்சையாயிற்று. தழைச்சத்தை மட்டும் தடுத்தால் போதாது. நீலப்பச்சைப் பாசிகளிற் சில அதனைக் காற்றிலிருந்து தாமே கவர்ந்துகொள்ளும். நெல்வயலில் நன்மை தரும் இக்குணமே ஏரியில் தீமையாகின்றது.

சத்து இருந்தால் மட்டும் போதாது. நீர் தேங்கவும் வேண்டும். பாசி பெருகுமுன் புதுநீர் வந்து பழைய நீரைத் தள்ளிக்கொண்டு போகுமாயின் அது நிலைகொள்ளாது. முதல் வெள்ளம் சத்தை வாரிக்கொண்டு வரினும், சேற்றுநிறத்தாலும் ஓட்டத்தாலும் அப்போது பாசி தலையெடுப்பதில்லை. வரத்து நின்று, வண்டல் அடங்கி, வெயில் உட்புகும்போதே அது திரளுகின்றது. ஆஸ்திரேலியாவில் டார்லிங் நதியின் ஓட்டம் மிகக் குறைந்திருந்த 1991-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலப்பச்சைப் பாசி படர்ந்தது.

அளவான நுண்பாசி மீனுக்கு உணவு. அளவு மீறினால் இரவில் நீரிலுள்ள பிராணவாயுவை அதுவே உட்கொள்ள, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கும். சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சும் உண்டாக்கும். அந்நீரைக் குடித்த கால்நடைகள் மாண்டதுண்டு. காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலீடோ நகரத்தில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இக்காரணத்தால் குழாய் நீரைக் குடிக்கலாகாதென்று தடுக்கப்பட்டனர். அவ்வேரிப் பாசிக்கு இரை கொடுப்பது பெரும்பாலும் விளைநிலங்களினூடே வந்து விழும் மாமி நதியே.

மயில்துத்தம் கரைத்துவிட்டால் பாசி மடியுமென்பது மெய். ஆயினும் மடிந்த பாசி தன் நஞ்சை நீரில் விடும். அழுகுங்கால் பிராணவாயுவைக் குறைக்கும். செம்பு சேற்றில் தங்கும். சத்தோ ஏரியிலேயே இருக்கும். இது வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாகும்.

கோடையில் ஏரியைக் கழுவ நீர் ஏது என்று கேட்பது நியாயமே. ஓட்டம் மழையைப் பொறுத்தது. சத்தைத் தடுப்பதோ குடியானவர் கையிலுள்ளது. உரத்தை மண் பரிசோதனைப்படி அளவாக இடுக. தழை உரத்தைப் பிரித்து இடுக. மழை மூட்டம் கண்டால் உரமிடலாகாது. இட்ட சில நாட்களுக்கு வடிகால் வாய்மடையை அடைத்து வைக்க வேண்டும். எருக்குழி வரத்துக்காலை விட்டு விலகியிருத்தல் அவசியம். வாய்க்கால் கரையில் புல் வளரவிட்டால் மண்ணும் சத்தும் அங்கேயே தங்கும்.

ஏரி அடியிலுள்ள சேறும் பிராணவாயு அற்றபோது மணிச்சத்தை மீண்டும் நீரில் விடும். ஆகவே உரிய அனுமதி பெற்று வண்டலை எடுத்து வயலில் சேர்ப்பது இரட்டை லாபம். கிராம அதிகாரிகள் சாக்கடை ஏரியிற் கலவாமலும், வரத்துக்காலும் கலங்கலும் ஆக்கிரமிக்கப்படாமலும் பார்த்தல் கடமை. மழைக்காலத்திலேனும் ஏரி தன்னைக் கழுவிக்கொள்ள வழி வேண்டும்.

பலன் கிட்டுமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தை அடுத்த வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பியபின், ஏரி சில ஆண்டுகளில் தெளிந்தது. விலைகொடுத்து வாங்கிய உரம் நெல்மணியாவதும் ஏரிப்பாசியாவதும், அடுத்த மழைக்குமுன் மிராசுதாரர்கள் தத்தம் வாய்மடையில் செய்யும் வேலையைப் பொறுத்தது.