திருகாணியா, பசையா?

1/ "பழசாயிடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க." இந்த வசனத்தைக் கேட்காதவங்க யாராவது இருக்கீங்களா? பல நேரம் பிரச்சினை பொருளோட வயசு இல்லை, அதைச் செஞ்சவங்க எடுத்த முடிவு. 1982-ல வந்த ஒரு கம்ப்யூட்டரை வச்சே சொல்றேன்.

2/ கமடோர் 64. அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்குன்னு வந்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த கம்ப்யூட்டரும் அடக்கம், டிவியில செருகினா போதும். மெமரி 64 கேபி. நீங்க தினமும் அனுப்புற குட் மார்னிங் படம் கூட அதுக்குள்ள அடங்காது. 40 வருஷம் தாண்டியும் அதைச் சரி பண்ணி ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

3/ எப்படி முடியுது? அடியில மூணே திருகாணி, கழட்டினா மூடி திறந்துடும். கம்பெனியே வெளியிட்ட புரோகிராமர் கையேட்டோட கடைசியில முழு சர்க்யூட் வரைபடமும் இருந்தது. வாங்கினவரை நம்பிய காலம்.

4/ திரை கறுப்பா நிக்குதா? நாங்க நோயாளியைப் பார்க்கிற மாதிரியே வரிசையா பார்க்கணும். முதல்ல மின்சாரம் சரியா வருதான்னு மல்டிமீட்டர்ல பார்ப்பாங்க. அப்புறம் ஆரம்பகால போர்டுகள்ல இருக்கிற 8 மெமரி சிப்புகளையும் விரலால தொட்டுப் பார்ப்பாங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா சந்தேகம் அது மேலதான். அதை மாத்தினா பெரும்பாலும் பொழைச்சுக்கும்.

5/ இந்த மெஷினோட எமன் யார் தெரியுமா? கூடவே வந்த பவர் சப்ளை பெட்டி. உள்ளே எபாக்ஸி பிசினை ஊத்தி இறுக்கிட்டாங்க. சூடும் சரியா வெளிய போகாது, திறந்து பார்க்கவும் வழி இல்லை. உள்ள இருக்கிற ரெகுலேட்டர் கெட்டா 5 வோல்ட்டைத் தாண்டி ஏறும், மெமரி சிப்புகள் காலி. திறக்க முடிஞ்சது இன்னும் ஓடுது. திறக்க முடியாதது தானும் செத்து, மெஷினையும் கொன்னுது.

6/ "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" அந்த எபாக்ஸி இப்ப வார்டு வரைக்கும் வந்துடுச்சு, அதான். பிசினுக்குப் பதிலா பாஸ்வேர்டு. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல சிரிஞ்ச் பம்ப் ஒண்ணு பேட்டரி போய் நின்னுச்சு. பேட்டரி மாத்த ஆள் இருந்தார், மாத்தினார். ஆனா பாஸ்வேர்டு போடாம அது ஓடலை. கம்பெனி ஆள் வந்து அந்த நாலு எண்ணைத் தட்டுறதுக்கு மூணு வாரம். அதுவரைக்கும் சிஸ்டர்கள் ராத்திரி பூரா சொட்டு எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

7/ 2020 கோவிட் நேரத்துல அமெரிக்காவோட ஐஃபிக்ஸிட், ஆயிரக்கணக்கான மருத்துவக் கருவி சர்வீஸ் கையேடுகளைத் திரட்டி இலவசமா இணையத்துல போட்டாங்க. வென்டிலேட்டர் நின்னா உயிர் போற நேரத்துல கையேட்டைத் தேடி அலைய வச்சது யாரு?

8/ "வெளியாள் தொட்டா ஆபத்தாச்சே?" நியாயமான கேள்வி. அமெரிக்காவோட எஃப்டிஏ 2018-ல இதை ஆராய்ஞ்சது. வெளியார் சர்வீஸால பரவலான ஆபத்து இருக்குன்னோ இல்லைன்னோ முடிவு கட்ட ஆதாரம் போதாதுன்னு சொன்னது. அந்த சர்வீஸ் இல்லாம மருத்துவத் துறை ஓடாதுன்னும் சொன்னது. தெரியாம கை வைக்கிறதுதான் ஆபத்து. அப்போ கையேட்டை ஒளிச்சு வைக்கிறவங்களை என்ன சொல்றது?

9/ ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல வாஷிங் மெஷின், ஃபோன் மாதிரி பொருட்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டமே கொண்டு வந்துடுச்சு. நம்ம ஒன்றிய அரசு 2022-ல ஒரு போர்ட்டல் திறந்தது. அது முதல்ல எடுத்துக்கிட்டது விவசாயக் கருவி, மொபைல்-எலக்ட்ரானிக்ஸ், வீட்டுச் சாதனம், வாகனம். மருத்துவக் கருவி அதுல இல்லை. போர்ட்டல் பத்தாதுங்க, சட்டம் வேணும்.

10/ அதுவரைக்கும் எது வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க. திருகாணியா, பசையா? பேட்டரி தனியா கிடைக்குமா? சர்வீஸ் கையேடு தருவீங்களா? ஆஸ்பத்திரிக்கு டெண்டர் போடுற அதிகாரிகளும் இதையே கேட்கணும். காசு முழுசா கொடுத்தது நாம. சாவி இன்னும் அவங்க கிட்டயே இருந்தா, அதுக்குப் பேரு வாடகை.