அழித்துவிட்டு நிறுவுவது பழுதுபார்ப்பு அல்ல

லினக்ஸ் நிறுவியபின் கணினி பூட் ஆகவில்லையா, யோசிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவு என்கிறார்கள். நேரம் மிச்சமாம். இந்த யோசனையை என்னால் ஏற்கவே முடியாது.

எங்கே தடைபட்டது என்பதைத் திரையே சொல்கிறது. 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால், லினக்ஸைத் துவக்கிவைக்கும் க்ரப் தன் துணைக் கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் தவிக்கிறது. அங்கேயே 'எல்எஸ்' அடித்தால் பகிர்வுகள் தெரியும். பூட் கோப்புறை உள்ள பகிர்வுக்கு ரூட்டையும் பிரிஃபிக்ஸையும் திருப்பி, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்' என்று கொடுத்தால் பெரும்பாலும் மெனு வந்துவிடும். உள்ளே போய் க்ரப்பை மறுபடி பதிக்க வேண்டியதுதான்.

நேரே விண்டோஸுக்குள் போகிறதென்றால் கதை வேறு. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென்டிரைவைப் பழைய பயாஸ் முறையில் பூட் செய்து நிறுவியிருக்கலாம். அதே முறையில் பத்துத் தடவை நிறுவினாலும் அதே பழுதுதான் வரும்! லைவ் பென்டிரைவில் நுழைந்து, சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேரில் இஎஃப்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவ் எந்த முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கெர்னல் ஏறி 'எமர்ஜென்சி மோட்' வந்தால், பகிர்வுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு பகிர்வின் அடையாளமான யூயூஐடி தவறாக இருக்கலாம். ஒரு வரித் திருத்தம். இதற்காகவா வட்டை அழிப்பது? அவசரத்தில் 'முழு வட்டையும் அழி' என்பதைச் சொடுக்கும் புதியவர், பக்கத்துப் பகிர்விலுள்ள விண்டோஸையும் குடும்பப் படங்களையும் சேர்த்தே இழக்கிறார். யோசனை சொன்னவர்கள் அவற்றை மீட்டுத் தரப்போவதில்லை.