விரிசலுக்குச் சாம்பல் பொறுப்பல்ல

"பிபிசி வேண்டாம் சார், அதுல சாம்பல் கலந்திருக்கு. தளம் வெடிச்சிடும். 53 கிரேடு ஓபிசியே எடுத்துக் குடுங்க." வீடு கட்டுகிற பலரும் மேஸ்திரியிடம் இதைக் கேட்டிருப்பார்கள். பிபிசி என்பது சாம்பல் கலந்த சிமென்ட்; ஓபிசி என்பது சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட். சாம்பல் கலப்படம், சாம்பலால் வலு குறையும், அதனால் விரிசல் விழும் என்று மூன்று குற்றச்சாட்டுகள் இந்தப் பேச்சில் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. மூன்றாவது தவறுக்குத்தான் வீட்டுக்காரர் அதிக விலை கொடுக்கிறார்.

கலப்படம் என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிபிசி சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை உலைச்சாம்பல் இருக்கலாம் என்று ஐ.எஸ். 1489 தரநிர்ணயமே சொல்கிறது. அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து பிடித்தெடுக்கும் நுண்ணிய சாம்பல் அது. சாம்பல் குட்டையிலிருந்து அள்ளி வந்ததைக் கட்டுமிடத்தில் கைக்கணக்காகக் கலப்பது வேறு விஷயம். அதை எதிர்க்கும் கொத்தனார் பக்கம்தான் நானும்.

வலு குறைவு என்ற புகாரில் பாதி உண்மை உண்டு. 3 நாளில் 53 கிரேடு ஓபிசி குறைந்தது 27 மெகாபாஸ்கல் வலு காட்ட வேண்டும். பிபிசிக்கு 16 போதும். இந்த முதல் வார எண்ணை வைத்தே காலத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சாம்பல் தண்ணீரோடு தானாக இறுகாது. சிமென்ட் இறுகும்போது சுண்ணாம்பு வெளிவரும்; அதைப் பிடித்துக்கொண்டுதான் சாம்பல் வேலையைத் தொடங்கும். அந்த வேலை முதல் ஓரிரு வாரங்களில் மெதுவாக நடக்கும், பிறகு மாதக்கணக்கில் தொடரும்.

விரிசல் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்தால் இதன் அருமை புரியும். ஜல்லியைச் சுற்றி மயிரிழை அளவுகூட இல்லாத ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் படிகங்களும் நுண்துளைகளும் அதிகம். விரிசலுக்கு எளிய பாதை அதுதான். சாம்பல் அந்தச் சுண்ணாம்பையே தின்று, துளைகளைப் புதிய பசையால் அடைக்கிறது. அதனால்தான் 20 சதவீதம் அளவுக்குச் சாம்பல் சேர்த்த கான்கிரீட், 3ஆம் நாளிலும் 7ஆம் நாளிலும் விரிசலைத் தாங்குவதில் பின்தங்கினாலும், 28 நாளையொட்டி எட்டிப் பிடித்து, மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும்போது முந்திவிடுகிறது. இத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே ஈரம் இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் சாம்பல் வெறும் தூளாகவே கிடக்கும்.

சாம்பலால் விரிசல் விழும் என்பதற்கு நேர் எதிரான சாட்சி பெரிய கட்டுமானங்களில் இருக்கிறது. சிமென்ட் இறுகும்போது சூடு கிளம்பும். தடிமனான கான்கிரீட் உள்ளே சூடாகவும் வெளியே ஆறியும் இருந்தால் பிளக்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் 1953இல் முடிந்த ஹங்க்ரி ஹார்ஸ் அணையில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாம்பலைச் சேர்த்ததற்கு இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். நமக்கு இன்னும் நெருக்கமானது ஹவாயின் கவாய் தீவில் உள்ள இறைவன் கோயில். கணபதி ஸ்தபதி வடிவமைத்த அந்தக் கருங்கல் கோயிலுக்கு 1999இல் அடித்தளம் போட்டார்கள். ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பதற்காகப் கான்கிரீட் நிபுணரான பேராசிரியர் குமார் மேத்தா ஒரு கம்பிகூட இல்லாமல், சிமென்ட்டைவிடச் சாம்பல் அதிகமாக உள்ள கலவையைத் தேர்ந்தெடுத்தார். துருப்பிடிக்கக் கம்பி இல்லை. சூட்டில் பிளக்க அவ்வளவு சிமென்ட்டும் இல்லை.

"நாங்க கண்ணால பார்த்தோமே, பிபிசி தளத்துல விரிசல் விழுந்ததே?" பார்த்திருப்பார்கள். தளம் போட்ட அன்றைக்கே, மட்டக்கோல் இழுத்துச் சில மணி நேரத்துக்குள் மேல்பரப்பில் விழும் விரிசல் அது. பிபிசி இறுக நேரம் அதிகம் பிடிக்கும்; மேலே கசிந்து வரும் தண்ணீரும் பெரும்பாலும் குறைவு. சித்திரை வெயிலும் காற்றும் சேர்ந்தால் இறுகுவதற்கு முன்பே மேல்தோல் காய்ந்து கிழிகிறது. இந்தக் கிழிசல் ஓபிசியிலும் வரும். மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று விடுவதுதான் தப்பு. தேய்த்து முடித்ததும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பில்லருக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள். காலையும் மாலையும் பைப்பால் பீய்ச்சினால் நடுப்பகலில் அது உலர்ந்துதான் நிற்கும்.

எத்தனை நாள் ஈரம் வேண்டும் என்பதற்குக் கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதிநூல் கணக்கே கொடுத்திருக்கிறது: ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்ததற்கு 10 நாள், வெயிலும் வறட்சியுமான இடத்தில் ஓபிசிக்கே 10 நாள், சாம்பல் கலந்ததற்கு 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. ஓபிசிக்குப் பழகிய கையோடு 7ஆம் நாளே தண்ணீரை நிறுத்தினால், சாம்பல் வேலை தொடங்கும் நேரத்தில் அதன் ஈரத்தைப் பறித்துவிடுகிறோம். முட்டு எடுக்கும் நாளுக்கும் இதே கதைதான். அந்த நூலில் உள்ள நாள்கணக்கு ஓபிசிக்கு உரியது. பிபிசி தளத்துக்கு எத்தனை நாள் கூட்ட வேண்டும் என்று சென்ட்ரிங் பிரிக்கும் முன்பே பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.