மதிப்பெண் இருந்தும் உதவித்தொகை வராதது ஏன்?



பி.யு.சி. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் லிங்கராஜபுரத்திலும் கம்மனஹள்ளியிலும் வாழும் நம்முடைய குடும்பங்களுக்குள் சந்தோஷமும் கவலையும் ஒருமித்து வருகின்றன. பிள்ளை தேறிவிட்டாள், கல்லூரிக் கட்டணத்திற்கு எங்கே போவது? வட்டிக்குக் கடன் வாங்குமுன் உதவித்தொகையைத் தேடுங்கள். பிழைப்பின் நிமித்தம் மாநிலம் விட்டு வந்தவர்களுக்கு அது கைநழுவிப் போவதற்கு அநேக வேளைகளில் காகிதங்களே காரணமாகின்றன. ஆகையால் பிள்ளை பி.யு.சி. முதலாம் ஆண்டில் சேரும்போதே அவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்குங்கள்.

முதலாவது, சாதிச் சான்றிதழ். ஊரில் வாங்கியதைப் பெட்டியில் பத்திரமாய் வைத்திருப்பீர்கள். ஆனால் ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராய் இருப்பவர் வேறொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. மேலும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. கர்நாடகத்துப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் முதலாம் பிரிவிலும், மற்றக் கிறிஸ்தவர்கள் 3-பி பிரிவிலும் உள்ளனர். நீங்கள் இங்கே நிலையாய்க் குடியிருப்பவர்களானால், எந்தச் சான்று பெறலாம் என்பதை தாசில்தாரின் கீழ் இயங்கும் நாட கச்சேரியில் கேட்டறியுங்கள். வருமானச் சான்றிதழும் அங்கேதான் கிடைக்கும். அதிலுள்ள ஆர்.டி. எண் மாநில அரசின் உதவித்தொகை விண்ணப்பத்திற்கு அவசியம்.

ஆலயத்திற்கு வந்துகொண்டே, சலுகைக்காகப் படிவத்தில் வேறு மதத்தை எழுதலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. எழுதாதீர்கள். விசுவாசம் ஒன்றாயிருக்க, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் வேறொரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று, 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1950-ஆம் ஆண்டு ஆணை நியாயமானதா என்று வழக்காடலாம். பிள்ளையின் படிவத்தில் பொய் எழுதி அதைத் தீர்க்க முடியாது.

இரண்டாவது, சாதியைக் கேளாத கதவுகளும் உண்டு, அவற்றைத் தட்டுங்கள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் தன் தேர்வு வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருக்குள் பிள்ளை வந்திருக்கவேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்தைத் தாண்டலாகாது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்த பெண்பிள்ளைகளுக்கு அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆண்டுக்கு 30,000 ரூபாய் அளிக்கிறது. கர்நாடகமும் அத்திட்டத்தில் அடங்கியுள்ளது.

தகப்பனார் கொத்தனாரா, பெயின்டரா, கம்பி கட்டுகிறவரா? 18 வயது நிறைந்து 60 வயது நிறையாதவர், முந்தின பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்கள் கட்டட வேலை செய்திருந்தால், கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெறலாம். பதிவு பெற்றவரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபின் பதிவுக்கு ஓடாமல், இப்போதே பதிவு செய்யுங்கள், புதுப்பிக்கவும் தவறாதீர்கள்.

பக்கத்து வீட்டார் முன்னொரு காலத்தில் பெற்றதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். சிறுபான்மையினருக்கான மத்திய உதவித்தொகை ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2022-இல் நிறுத்தப்பட்டது. திட்டங்கள் மாறும், ஒவ்வோர் ஆண்டும் விசாரியுங்கள்.

மூன்றாவது, பெயர். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். மலர்விழி', ஆதாரில் 'மலர்', வங்கிப் புத்தகத்தில் ஞானஸ்நானத்தில் பெற்ற 'எஸ்தர் மலர்'. நமக்கு அவள் ஒருத்தியே. கணினிக்கோ மூன்று பேர். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்றலாம். ஆகையால் யோசித்துச் செய்யுங்கள். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஊரில் ஒரு கணக்கும் இங்கே ஒரு கணக்கும் இருந்தால், அரசுப் பணம் கடைசியாக ஆதாருடன் இணைக்கப்பட்ட கணக்கிற்கே போய்ச்சேரும். இங்கே காத்திருக்கும் பணம் ஊர்க் கணக்கில் கிடக்கலாம். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள்.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பவேண்டும். ஒரு வாரத்திற்குள் கல்லூரி அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். மேற்சொன்ன மத்திய உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. இணைய மையத்தில் தட்டச்சுக்குக் கூலி கொடுப்பது நியாயமே. 'உதவித்தொகை வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடுங்கள்' என்பவரிடமோ ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள்.

சபையில் கணினி அறிந்த வாலிபர்களே, ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரம் இந்தப் பெற்றோரோடு உட்காருங்கள். வீட்டுவேலை செய்யும் ஒரு தாயின் மகள் கல்லூரியின் முதலாம் ஆண்டோடு நின்றுவிடாதபடிக்கு அந்த ஒரு மணி நேரம் உதவக்கூடும். முழங்காலில் நின்று ஜெபியுங்கள்; எழுந்தபின் கடைசித் தேதியையும் பாருங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளின் கல்வியை ஆசீர்வதிப்பாராக.